மன்னிப்புக்கு மறுநாள்

முடிந்துபோன ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு இரண்டாம் பாகம் வரும் என்று காத்திருப்பவரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வேலை இல்லாதவர் என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால், வியாபாரிகள் போட்ட தூண்டிலில் சிக்கியவர் என்பார்கள். சமய நாட்டம் உள்ளவர்களுக்கோ அது, உலகில் இல்லாத மனிதர்கள்மேல் வைத்த வீண் பற்று. இந்தக் காத்திருப்புக்குள் ஓர் அறக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். சீனக் குடும்பத் தொடர்களைப் பொறுத்தவரை, அந்தக் கேள்வி சீனத்தின் சமய, தத்துவ மரபுக்குள்ளிருந்தே எழுந்து வருகிறது. ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் மன்னிப்பு, அது நடந்த அன்றே முழுமை பெற்றுவிடுகிறதா? பெற்றுவிடுகிறது என்றால் இரண்டாம் பாகத்துக்குத் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் வெறும் ஆசைக்காரர். பெறவில்லை என்றால், கதை சொன்ன அறத்தைக் கதாசிரியரைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் அந்த ரசிகர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

2019 மார்ச்சில் செஜியாங், ஜியாங்சு மாகாணத் தொலைக்காட்சிகளில் தொடங்கிய 'எல்லாம் நலம்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ஆ நாய் என்ற புனைபெயரில் எழுதும் நாவலாசிரியரின் கதை. மொத்தம் 46 பகுதிகள். சூசௌ நகரத்துச் சூ குடும்பம். தாய் சாவ் மெய்லானுக்கு இரண்டு மகன்கள்தான் உலகம். மூத்தவன் மிங்செ அமெரிக்காவில் படிக்க வீட்டின் அறைகளை விற்றுப் பணம் தருகிறாள். பெய்ஜிங்கின் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகும் தகுதியிருந்த மகள் மிங்யூவைச் செலவில்லாத ஆசிரியர் கல்லூரிக்குத் தள்ளிவிடுகிறாள். பதினெட்டு வயதில் மகள் வீட்டை முறித்துக்கொண்டு போய், தன் முயற்சியில் பெரிய நிறுவன அதிகாரியாகிறாள். தொடர் தொடங்கும்போதே தாய் திடீரென்று இறந்துபோகிறாள். ஆயுள் முழுவதும் மனைவிக்குப் பின்னால் பதுங்கி வாழ்ந்த தந்தை சூ தாச்சியாங், அன்றிலிருந்து பிள்ளைகளை ஆட்டிவைக்கத் தொடங்குகிறார். பெரிய வீடு வேண்டும்; கையால் அரைத்த காப்பி வேண்டும்; கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் உட்கார்ந்து அழுகை. நி தாஹோங் என்ற நடிகர் அந்தக் கிழவரை அருவருப்பும் பரிதாபமும் பிரிக்க முடியாமல் கலந்து நடித்திருந்தார். இளைய மகன் மிங்செங் ஒரு கட்டத்தில் தங்கையை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு அடித்து நொறுக்குகிறான். பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் கடமையை இத்தனை கசப்போடு விசாரணைக் கூண்டில் ஏற்றிய வெகுஜனத் தொடர்கள் குறைவு.

இத்தனைக்கும் பிறகு முடிவு என்ன? தந்தைக்கு மறதிநோய் வருகிறது. மிங்யூ வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். காணாமல் போன கிழவரைத் தேடிக் கண்டுபிடித்தால், சிறுவயதில் அவள் கேட்டுக் கிடைக்காத பயிற்சிப் புத்தகத்தை வாங்கப் போயிருக்கிறார். மற்ற எல்லாவற்றையும் மறந்தவர் அந்த ஒரு கடனை மறக்கவில்லை. கண் கலங்காமல் பார்ப்பது கடினம். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஐயம் எழாமல் இருப்பதும் கடினம். பகுதி பகுதியாக அடுக்கிய காயத்துக்குக் கடைசியில் கொஞ்ச நேரத்தில் மருந்து போட்டுவிட முடியுமா? இது வலிந்து செய்த சமரசம் என்று பலர் சினந்தார்கள்; வாழ்க்கையில் இவ்வளவுதான் கிடைக்கும் என்று வேறு பலர் சமாதானம் சொன்னார்கள். இந்த இரு தரப்பினரையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுபவர்கள் மூன்றாமவர்கள். முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லாமல், "அடுத்த பாகம் வரட்டும், பார்ப்போம்" என்கிறார்களே, அவர்கள். மறதிநோய் ஒரு மாதத்தில் தீர்வதன்று. அடுத்த ஆண்டு அந்தத் தந்தைக்குப் பயிற்சிப் புத்தகமும் மறந்துபோகும். மகளின் பெயரும் மறந்துபோகும். பழைய முரட்டுச் சுயநலம் மட்டும் மிச்சமிருக்கக்கூடும். அப்போதும் மிங்யூ அங்கே இருப்பாளா? இருந்தால் எந்த முகத்தோடு இருப்பாள்? அது தெரியாதவரை, கடைசிப் பகுதியில் நாம் பார்த்தது மன்னிப்பா, இல்லை நெகிழ்ந்த ஒரு மாலைப்பொழுதா என்று சொல்ல நமக்கு வழியில்லை.

இப்படிக் கேட்பது நம் காலத்துத் தொலைக்காட்சி ரசிகரின் பேராசை என்று நினைப்பவர்கள் பண்டைச் சீனத் தத்துவஞானி மென்சியஸின் நூலைப் புரட்டிப் பார்க்கலாம். பழம்பெரும் அரசன் ஷுனின் கதை சீனத்தில் எல்லோரும் அறிந்தது. தந்தையும் மாற்றாந்தாய் மகன் சியாங்கும் அவனைக் கொல்லப் பார்க்கிறார்கள். களஞ்சியத்தின் கூரைமேல் ஏற்றிவிட்டுத் தீ வைக்கிறார்கள். கிணற்றில் இறக்கி மேலே மண்ணைத் தள்ளுகிறார்கள். தப்பிப் பிழைத்த ஷுன் இருவரையும் பகைக்கவில்லை. பேரரசன் ஆனபின் தம்பிக்கு யூபி என்ற நாட்டையே அளிக்கிறான். கதை இங்கே முடிந்தால் அழகான முடிவுதான். மென்சியஸின் மாணவன் வான் சாங் அதை முடியவிடுவதில்லை. கொலைகாரத் தம்பிக்கு ஆள ஒரு நாடு கொடுத்தால், யூபி மக்கள் செய்த பாவம் என்ன என்று கேட்கிறான். மென்சியஸும் அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்துவதில்லை. நாடு சியாங்கின் பெயரில் இருந்தது. ஆட்சியை நடத்தியவர்கள் ஷுன் அமர்த்திய அதிகாரிகள். ஆகவே அவனால் மக்களை வதைக்க முடியவில்லை. ஆனாலும் அண்ணனுக்குத் தம்பியை அடிக்கடி பார்க்க ஆசை இருந்ததால், அவன் வந்து போய்க்கொண்டிருந்தான். இதுதான் மென்சியஸ் தரும் விளக்கம். வான் சாங் கேட்டதை இரண்டாம் பாகம் என்றுதான் சொல்லவேண்டும். மன்னித்தாய், சரி; அதற்குப் பிறகு யார் எங்கே இருந்தார்கள், யாருக்கு என்ன அதிகாரம் இருந்தது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள்? இந்த நடைமுறை விவரங்களில்தான் ஷுனின் அன்பு மடமை இல்லை என்பது நிரூபணமாகிறது. அவை இல்லாவிட்டால் ஷுன், தம்பியிடம் ஏமாந்த ஓர் அரசன், அவ்வளவுதான்.

கன்ஃபூசியஸின் உரையாடல்களிலும் இதே நாடி துடிக்கிறது. பெற்றோருக்கு மூன்றாண்டு துக்கம் அதிகம், ஓராண்டு போதாதா என்று சாய் வோ என்ற மாணவன் கேட்கிறான். உனக்கு மனம் ஒப்பினால் அப்படியே செய் என்கிறார் ஆசான். அவன் போனபிறகு மற்றவர்களிடம் அவர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: குழந்தை பெற்றோரின் கையை விட்டு இறங்கவே மூன்றாண்டு ஆகிறது. அதாவது, குடும்பக் கடனை அளக்கும் அலகு காலம். எவ்வளவு உருகினாய் என்பதைவிட எவ்வளவு நாள் இருந்தாய் என்பதே கணக்கு. இந்த மரபில் ஊறிய ஒரு சமூகம் எடுக்கும் குடும்பத் தொடர், ஒரே காட்சியில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டு விடைபெறுமானால், அது தன் சொந்த அளவுகோலுக்கே குறைந்து நிற்கிறது. அளவுகோலை மறக்காத பார்வையாளருக்கு மீதிக் காலம் தேவைப்படுகிறது.

எல்லாக் காத்திருப்பும் இத்தகையது என்று நான் சொல்லவரவில்லை. 2019 நவம்பரில் வந்த 'உபரி ஆண்டுகளின் மகிழ்ச்சி' என்ற அரண்மனைத் தொடரின் முதல் பாகம், நாயகன் ஃபான் சியான் கத்திக்குத்துப்பட்டு விழுவதோடு நின்றது. இரண்டாம் பாகம் வர 2024 மே ஆயிற்று. அந்த நான்கரை ஆண்டுகள் ரசிகர்கள் காத்திருந்தது ஒரு முடிச்சுக்கு விடை தேடி. நாயகன் சாகமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப் பிழைப்பான் என்பதுதான் சுவை. விடை தெரிந்ததும் அந்தக் காத்திருப்பு கரைந்துபோகும். 'எல்லாம் நலம்' எந்த முடிச்சையும் மிச்சம் வைக்கவில்லை. கதை முடிந்துவிட்டது, முடிந்த பிறகும் கேள்வி நிற்கிறது. 2001இல் சீன மத்தியத் தொலைக்காட்சியில் வந்த குவோ பாவ்சாங்கின் 'பெரிய மாளிகை வாசல்' இதற்கு இன்னும் தெளிவான சான்று. பெய்ஜிங்கின் பழம்பெரும் மருந்துக் கடைக் குடும்பம் ஒன்றில் வளர்ப்பு மகனாக வளர்ந்த குவோ, அந்த வாழ்வைப் பல பத்தாண்டுகள் மனத்தில் சுமந்து எடுத்த தொடர் அது. நாற்பது பகுதிகள் ஓடி, ஜப்பானியப் படை பெய்ஜிங்குக்குள் வந்த பிறகு, குடும்பத் தலைவன் பாய் சிங்சி தன் உயிலைச் சொல்வதோடு முதல் பாகம் நிற்கிறது: தன் வழித்தோன்றல்களில் எவனாவது எதிரியோடு கைகோத்தால் அவனை யார் வேண்டுமானாலும் தண்டிக்கலாம். கம்பீரமான முடிவு. ஆனால் உயில் என்பது வருங்காலத்தைப் பற்றிய பேச்சு. அது காப்பாற்றப்பட்டதா என்பதை வருங்காலம்தான் சொல்லவேண்டும். 2003இல் வந்த 32 பகுதிகள் முதல் பாகத்தின் உயரத்தை எட்டவில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் அவற்றைக் கேட்டவர்கள் தவறாகக் கேட்கவில்லை. இதற்கு மாறாக, 2022இல் வந்த 'மனித உலகம்' தொடருக்கு இரண்டாம் பாகம் வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழுவதில்லை. வடகிழக்குச் சீனத்தின் தொழிலாளர் குடும்பம் ஒன்றை 1969 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொடர்ந்துபோய், சண்டையையும் சமாதானத்தையும் சமாதானம் பழசாவதையும் அதற்குள்ளேயே காட்டிவிட்டது. தேவைப்பட்ட காலத்தை அந்தத் தொடர் தானே கொடுத்துவிட்டது.

பௌத்தர்கள் எழுப்பக்கூடிய தடை மற்றக் குற்றச்சாட்டுகளையெல்லாம்விடக் கனமானது. இன்னும் வேண்டும், மேலும் ஆகவேண்டும் என்ற வேட்கையே துன்பத்தின் வேர் என்பது அவர்களின் அடிப்படைப் பாடம். ஒரு கதை முடிந்தால் அதை முடியவிடத் தெரியாத மனம், வாழ்வை எப்படி விடும்? மறுக்க எளிதில்லாத வாதம். ஆனால் சீனத்துக்குப் போன பௌத்தம் மக்களிடையே எந்தக் கதையால் வேரூன்றியது என்று பார்த்தால் வேறொரு விடை தெரிகிறது. புத்தரின் சீடரான மௌத்கல்யாயனர் அங்கே மூலியன் ஆனார். இறந்துபோன தாய் தன் தீவினையால் கீழுலகில் வதைபடுவதை அறிந்து, துறவியான மகன் அவளைத் தேடிப் போகிறார். தனியாக மீட்க முடியாமல், சங்கத்தின் துணையோடு மீட்கிறார். ஏழாம் மாதத்துப் பௌர்ணமியில் மூதாதையருக்குப் படையல் இடும் விழாவின் பின்னணி இதுதான். இந்தக் கதையைப் பல இரவுகள் தொடர் நாடகமாக ஆடும் வழக்கம் பல மாகாணங்களில் இருந்தது. குடும்பத்தை விட்டு வெளியேறியவரே, தாயின் கதை அவளுடைய சாவோடு முடிந்தது என்று ஏற்க மறுக்கிறார். விடாப்பிடி அவரிடமும் இருக்கிறது. தனக்காக ஒன்றை அடைய நினைக்கும் பிடியாக அது இல்லை. அடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்ற கவலையை வேட்கையோடு சேர்த்து எறிந்துவிட்டால், கருணைக்கு இடம் எது? (கோவலன் மகளின் வாழ்வை ஒரு பௌத்தக் காப்பியமாக்கிய மணிமேகலையைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.) 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலின் முடிவிலும், உலகைத் துறந்து போகும் நாயகன் பாவ்யூ, பனி விழும் கரையில் படகில் இருக்கும் தந்தையை வணங்கிவிட்டுத்தான் மறைகிறான். துறவுக்கு முன்னால் ஒரு கணக்கை நேர்செய்யும் வணக்கம் அது.

இந்த நாவலின் பெயரைச் சொன்னதும் கலை விமர்சகர் குறுக்கிடுவார். நல்ல கதை எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் உருவம்; நீட்டினால் சிதையும் என்பது அவர் கட்சி. சீனக் கதைகளின் 'எல்லோரும் கூடிவாழ்ந்தார்கள்' என்ற முடிவு மோகத்தை ஹூ ஷி போன்ற அறிஞர்கள் கடிந்துகொண்டதையும், 1904இல் வாங் குவோவெய், ஷோபன்ஹவரைப் படித்த கண்ணோடு இந்த நாவலைத் துன்பியலின் உச்சமாகப் போற்றியதையும் அவர் நினைவூட்டுவார். கொள்கையளவில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் அவர் எடுத்துக்காட்டும் நூலே அவர் காலை வாருகிறது. நாவலாசிரியர் சாவ் சுவேசின் விட்டுச்சென்றது 80 அத்தியாயங்கள். 1791இல் செங் வெய்யுவானும் காவ் அவும் வெளியிட்ட 120 அத்தியாயப் பதிப்பின் கடைசி நாற்பது வேறு கையிலிருந்து வந்தவை என்பது ஹூ ஷியின் ஆய்வுக்குப் பிறகு பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வாங் குவோவெய் போற்றிய அந்தத் துன்பியல் முடிவு, நாயகி தாய்யூவின் சாவும் பாவ்யூவின் துறவும் எழுத்தில் வந்தது, அந்த நாற்பதில்தான்! சீன இலக்கியத்தின் தலைசிறந்த குடும்பக் கதை, இன்னொருவர் தொடர்ந்ததால்தான் முடிவு கண்டது. 'மாற்றங்களின் நூல்' என்ற பழம்பெரும் மறைநூலின் அடுக்கையும் கவனிக்கலாம்: 64 குறிகளில் 63ஆவது 'நிறைவேறியது', கடைசியாக வைத்திருப்பது 'இன்னும் நிறைவேறாதது'. நிறைவை இறுதியில் வைக்க அந்த மரபு விரும்பவில்லை.

கதைமாந்தர் இல்லாதவர்கள்தானே, கடைசிப் பகுதிக்கு மறுநாள் மிங்யூவுக்கு ஏது மறுநாள் என்று கேட்கலாம். எழுத்தாளர் எதை எழுதுகிறாரோ அதுதான் நடந்தது. கண்டறிய அங்கே ஒன்றுமில்லை. இந்த வாதம் மெய்யானால், ஒரு தொடர்ச்சியைப் 'பொய்' என்று யாரும் நிராகரிக்க முடியாது. ஆனால் இரண்டு நூற்றாண்டுகளாக வாசகர்கள் நிராகரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே நாவலின் 82ஆவது அத்தியாயத்தில் தாய்யூ, அரசுத் தேர்வுக்கான கட்டுரை நடையில் நயம் உண்டு என்று பாவ்யூவிடம் பேசுகிறாள். தேர்வு, பதவி, புகழ் பற்றி ஒருபோதும் அவனுக்கு உபதேசிக்காதவள் என்பதற்காகவே அவன் மதித்த பெண் அவள். அந்த இடத்தைப் படித்ததும், இது அவள் இல்லை என்று வாசகர் எழுந்துவிடுகிறார். 1987இல் வாங் ஃபூலின் இயக்கிய 36 பகுதித் தொலைக்காட்சித் தொடர், இறுதிப் பகுதியில் அந்த நாற்பது அத்தியாயங்களைப் பின்பற்றாமல், பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரக் குறிப்புகளையும் முன்பகுதி தந்த அறிகுறிகளையும் கொண்டு, குடும்பம் முற்றாகச் சிதையும் வேறொரு முடிவைக் கட்டியது. எது சரி என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. வழக்கு நடக்கிறது என்பதே போதும். எண்பது அத்தியாயம் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இயல்பு என்று ஒன்று உருவாகிவிட்டது. அது ஆசிரியரையும் கட்டுப்படுத்துகிறது. அவளால் எது இயலும், எது இயலாது என்பதை ஆராயலாம். உயிரோடிருப்பவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் அறிவும் பெரும்பாலும் இத்தகையதுதான்.

காத்திருப்பு எங்கே கெடுகிறது என்பதையும் இந்த நாவலின் வரலாறே காட்டுகிறது. மஞ்சு அரசர் காலத்தில் இதற்கு ஏராளமான பின்கதைகள் எழுதப்பட்டன. அவற்றில் சில தாய்யூவைச் சவப்பெட்டியிலிருந்து உயிர்ப்பித்து, பாவ்யூவுக்கே மணமுடித்து, குடும்பத்தின் செல்வத்தையும் மீட்டுக் கொடுத்தன. வாசகரின் வேதனையைத் தணிக்க எழுதப்பட்டவை என்பதால் எழுதியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அங்கே தாய்யூ இல்லை, வாசகரின் ஆசைதான் அவளுடைய உடையில் நடமாடுகிறது. மிங்யூவின் அடுத்த பாகத்தில் தந்தைக்கு நோய் குணமாகி, அண்ணன் திருந்தி, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து புத்தாண்டு விருந்து உண்ணவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் பௌத்தரின் கண்டனத்துக்கு உரியவர்தான். அவள் ஓராண்டில் களைத்துப்போய்த் தந்தையை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டாள் என்று காட்டினாலும் ஏற்கத் தயாராக இருப்பவரே உண்மையில் காத்திருப்பவர். வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுக்கு நீளமான பதில் தேவையில்லை. தொடர்ச்சிகள் பணத்துக்காக எடுக்கப்படுகின்றன. 1791 பதிப்பும் அச்சிட்டு விற்கத்தான் வந்தது. விற்பவனின் நோக்கம் வாங்குபவனின் கேள்வியைப் பொய்யாக்கிவிடாது. தொடர்களை நாற்பது பகுதிக்குள் நிறுத்துங்கள் என்று 2020இல் சீன ஒலிபரப்பு நிர்வாகம் அறிவுறுத்தியது இழுத்தடிப்புக்கு எதிரான மருந்து என்றே வைத்துக்கொள்வோம். அந்த அளவு, மன்னிப்பைக் கடைசிப் பகுதிக்குள் அவசரமாகத் திணிக்கும் பழக்கத்துக்கும் துணைபோயிருக்கலாம்.

'எல்லாம் நலம்' தொடருக்கு இரண்டாம் பாகம் வருமானால் நான் முதலில் தேடப்போவது தந்தையையும் அல்ல, அண்ணன்களையும் அல்ல, தாயை. அந்த வீட்டின் பெரிய அநீதிகளைச் செய்தவள் சாவ் மெய்லான். அவள் முதல் பகுதியிலேயே செத்துப்போனதால் தொடர் அவளுக்குப் பதிலாகத் தந்தையை மகளின் முன்னால் நிறுத்தி, அவரோடு சமாதானம் செய்துவைத்து, எல்லாம் நலம் என்று எழுந்துபோய்விட்டது. இத்தனைக்கும் அவள் பக்கத்துக் கதையின் நுனியை அது காட்டாமல் இல்லை. தம்பியை நகரவாசியாக்கப் பிறந்த வீட்டார் செய்துவைத்த கல்யாணம். அதிலிருந்து வெளியேற அவள் துணிந்த நேரத்தில் வயிற்றில் வந்தவள் மிங்யூ. மகளை அவள் வெறுத்ததற்கு அது விளக்கம், நியாயம் ஆகாது. மறதியில் விழுந்த தந்தை ஒரு பயிற்சிப் புத்தகத்தையாவது வாங்கப் போனார். இறந்தவளால் எதையும் வாங்கித் தர முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. கேட்காத ஒருத்தியை மன்னிப்பது மகளின் கடமையா, அது அவளால் ஆகக்கூடியதா என்ற கேள்வியில் கன்ஃபூசியஸும் மூலியனும் ஒரே பக்கம் நிற்கமாட்டார்கள். ஆசான் சாய் வோவிடம் கேட்டது மனம் ஒப்புகிறதா என்று. மூலியனுக்கோ மனம் ஒப்பும்வரை பொறுக்க நேரம் இருக்கவில்லை, தாய் அங்கே வதைபட்டுக்கொண்டிருந்தாள். மிங்யூ எந்தப் பக்கம் போவாள் என்பதை முதல் பாகத்தின் 46 பகுதிகளை எத்தனை முறை பார்த்தாலும் ஊகிக்க முடியவில்லை. அதை எழுதத் துணிந்தவர் யாராவது வரட்டும்.